டர்பன்ல தற்கொலைத் தடுப்பு வேலைக்குப் புதுசா வர்றீங்களா, இதைப் படிச்சிட்டு வாங்க

கோயில் கமிட்டி மூலமாவோ, ஆபீஸ்ல சேஃப்டி வேலையைத் தலையில கட்டிட்டாங்கன்னோ, மனசு கேக்காமயோ, எப்படியோ இந்த வேலைக்கு வர்ற நம்மாளுங்க கொஞ்சம் கொஞ்சமா கூடிட்டே இருக்காங்க. வர்றவங்க முதல் நாள் கேக்குறது ஒரே கேள்விதான், "அண்ணே, சாகுற நினைப்போட யாராவது வந்து நின்னா என்ன பேசணும்?" சொல்றேன், ஆனா அது கொஞ்சம் தள்ளித்தான் வரும், அதுக்கு முன்னாடி பூட்டு, லைட்டு, நோட்டுப்புக், நிறுத்தின காரைப் பார்த்துக்குற கார்கார்ட்னு நிறைய வேலை கிடக்கு. நான் டாக்டர் இல்ல, கவுன்சிலரும் இல்ல, ஒரு ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ்ல மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசர், அவ்வளவுதான். அங்க பார்க்கேட் என் பொறுப்பு. ஊர்ல இருந்து புதுசா வந்தவங்களுக்கு சொல்றேன், மாடி மாடியா கார் நிறுத்துற கட்டடத்துக்கு இங்க பார்க்கேட்னுதான் பேரு.

ஒண்ணு முதல்லயே சொல்லிடுறேன். இதைப் படிக்கிற உங்களுக்கே அந்த நினைப்பு ஓடிட்டு இருந்தா இதை மூடிட்டு 0800 567 567க்கு அடிங்க, சாடாக்னு சொல்ற தென்னாப்பிரிக்க டிப்ரெஷன் ஆங்சைட்டி குரூப்போட நம்பர் அது, 24 மணி நேரமும் ஆள் இருப்பாங்க. நம்ம குரூப்ல ஏற்கெனவே அந்தப் பக்கம் போயிட்டு வந்தவங்க இருக்காங்க, யாரும் உங்களை ஒரு மாதிரி பார்க்க மாட்டாங்க.

இப்ப விஷயத்துக்கு வருவோம். நீங்க இந்த வேலைக்கு வர்றேன்னு வீட்ல சொன்ன உடனே மாமாவோ சித்தப்பாவோ யாராவது ஒருத்தர் சொல்லுவார், "சாகணும்னு முடிவு பண்ணவனை பூட்டு போட்டு நிறுத்த முடியுமாப்பா, இங்க இல்லைன்னா வேற இடம் போவான்." நானும் அப்படித்தான் நினைச்சிட்டு இருந்தேன். ஆனா உயிர் பிழைச்சவங்ககிட்ட உக்காந்து கேட்ட ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு, அதுல கிட்டத்தட்ட பாதிப்பேர் சொன்னது, அந்தத் தடவை நினைப்பு வந்ததுக்கும் செயல்ல இறங்கினதுக்கும் நடுவுல 10 நிமிஷம் கூட இல்லைன்னு. மாசக்கணக்கா வேதனை இருந்திருக்கலாம், ஆனா அந்த உச்சம் அலை மாதிரி, ஏறும், இறங்கும். கலிஃபோர்னியாவுல ரிச்சர்ட் சைடன்னு ஒரு ஆராய்ச்சியாளர், கோல்டன் கேட் பாலத்துல 1937ல இருந்து 1971 வரைக்கும் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேர் அப்புறம் என்ன ஆனாங்கன்னு தேடிப் பார்த்து 1978ல வெளியிட்டார். அதுல ஏறக்குறைய 94 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க, இல்ல இயற்கையா இறந்திருந்தாங்க. வேற இடம் தேடிப் போகல.

வாஷிங்டன்ல ட்யூக் எலிங்டன் பாலத்துக்கு 1986ல தடுப்பு போட்டாங்க. கண்ணுக்கு எட்டுற தூரத்துலயே இன்னொரு பாலம் தடுப்பில்லாம இருந்துச்சு, எல்லாரும் அங்கதான் போவாங்கன்னு பயந்தாங்க, அப்படி நடக்கல. சுவிட்சர்லாந்து பெர்ன் நகரத்துல 1998ல பெரிய தேவாலயத்து மேடைக்குக் கீழ வலை கட்டினாங்க, அந்த இடத்துல நின்னுபோச்சு, ஊர்ல மத்த உயரமான இடங்கள்லயும் கூடல. நியூசிலாந்து ஆக்லாந்து கதைதான் என்னைய ரொம்ப உலுக்கினது. கிராஃப்டன் பாலத்துல அறுபது வருஷம் இருந்த தடுப்பை 1996ல எடுத்துட்டாங்க, சாவு ஏறக்குறைய அஞ்சு மடங்கு ஆச்சு, 2003ல இன்னும் நல்லதா ஒண்ணு திரும்பப் போட்டாங்க, நின்னுச்சு. இதைவிட நேரா யாரும் பதில் சொல்ல முடியாது. நம்ம பக்கத்துல உதாரணம் வேணும்னா இலங்கையைப் பாருங்க, 1990கள் நடுவுல உலகத்துலயே ரொம்ப மோசமான நிலைமைகள்ல ஒண்ணு அங்க, ரொம்ப விஷமான பூச்சி மருந்துகளை ஒண்ணொண்ணா தடை பண்ணதுக்கு அப்புறம் இருபது வருஷத்துல தற்கொலை விகிதம் 70 சதவீதம் கிட்ட இறங்கிடுச்சு. அத்தனை பேர் கவலையும் தீர்ந்ததால இல்ல, கைக்கு எட்டுறது எட்டாம போனதால.

ஒண்ணைக் கவனிச்சீங்களா, ஓரளவாவது சரி பண்ண இடங்களை மட்டும்தான் பேர் சொல்றேன். நம்ம டர்பன்ல எந்த இடம்னு நான் எங்கயும் எழுத மாட்டேன், நீங்களும் எழுதாதீங்க. பேர் போட்டா அதுவே விளம்பரம்.

ஊர்ல டெங்கு வந்தா ஆஸ்பத்திரியில பெட் போட்டா மட்டும் போதுமா, தேங்கின தண்ணியைக் கொட்டணும்ல, நாம பண்றது அந்தத் தண்ணி கொட்டுற வேலை. இங்கிலாந்து பொது சுகாதாரத் துறை 2015ல பொது இடங்களுக்குன்னே ஒரு கையேடு போட்டாங்க, அதோட சாரம் நாலுதான்: வழியை அடைக்கிறது, மனுஷக் கண்ணு படுற மாதிரி வைக்கிறது, உதவி கைக்கு எட்டுற மாதிரி வைக்கிறது, "அந்த மாதிரி இடம்"ங்கிற பேரை மாத்துறது. நான் கீழ சொல்றது எல்லாம் இதுக்குள்ளதான் வரும், ஆனா பார்க்கேட்ல அலைஞ்சு அலைஞ்சு கத்துக்கிட்ட வரிசையில சொல்றேன்.

முதல் வேலை, நடங்க. உங்க பொறுப்புல இருக்குற கட்டடத்தை காலையில ஒரு தடவை, பூட்டுற நேரத்துல ஒரு தடவை, ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆளே இல்லாத நேரத்துல ஒரு தடவை. நோட்டுல எழுதுங்க, எந்தக் கதவு பூட்டாம கிடக்கு, எந்த மூலையில கேமரா இல்ல, எங்க லைட் ஃப்யூஸ் போயிருக்கு, எங்க போன் சிக்னல் இல்ல. லோட் ஷெட்டிங் வந்தா எந்த கேட் தானா திறந்துக்குதுன்னு கட்டாயம் பாருங்க, எங்க காம்ப்ளெக்ஸ்ல மாடிக்குப் போற கதவோட மேக்னெட் பூட்டு கரண்ட் போன உடனே விட்டுடும், ரெண்டு வருஷமா யாரும் கவனிக்கல, நானும்தான். ஆனா ஃபயர் எஸ்கேப்பை நீங்களா பூட்டிடாதீங்க, அது வேற பெரிய தப்பு, அலாரம் அடிக்கிற மாதிரி தள்ளுற பாரை மாட்டச் சொல்லுங்க. அந்த நோட்டு பீரோவுக்குள்ள இருக்கணும், போட்டோ எடுத்து வாட்ஸாப்ல போடக் கூடாது.

கூடவே பழைய கணக்கையும் எழுதுங்க. இறந்தவங்க மட்டும் இல்ல, யாரோ வந்து நின்னாங்க, செக்யூரிட்டி பேசி கீழ கூட்டிட்டு வந்தாங்கங்கிற மாதிரி நடந்ததெல்லாம். அதுதான் ரொம்ப உபயோகம், ஏன்னா எந்த நேரம், எந்த மாடி, யார் முதல்ல பார்த்தாங்கங்கிறது அதுலதான் தெரியும். பேர், முகவரி எதுவும் வேணாம். போலீஸ்கிட்ட இன்க்வெஸ்ட் டாக்கெட், அதாவது சாவு விசாரணை ஃபைல் இருக்கும், ஆனா அதை உங்களுக்குத் தூக்கிக் குடுக்க மாட்டாங்க, ஏரியா ஜனங்களும் போலீசும் சேர்ந்து உக்கார்ற கம்யூனிட்டி போலீசிங் ஃபோரம் மீட்டிங்ல போய் உக்காந்தீங்கன்னா மொத்தமா ஒரு ஐடியா கிடைக்கும்.

அடுத்தது வழியை அடைக்கிறது. இங்க கட்டட விதியில கைப்பிடிச் சுவர் உயரம் குறைஞ்சது 1 மீட்டர்னு இருக்கு, அது தவறி விழாம இருக்கத்தான், நம்ம விஷயத்துக்குப் பத்தாது. தெரிஞ்சவங்க சொல்றது 2.5 மீட்டர், கால் வைக்க இடமே இல்லாத மாதிரி. இதை எழுதி மேனேஜ்மெண்ட்டுக்குக் கொண்டு போனா முதல்ல வர்ற பதில் "அசிங்கமா இருக்கும்", ரெண்டாவது "பட்ஜெட் இல்ல". 1937ல திறந்த கோல்டன் கேட்டுக்கே வலை முழுசா கட்டி முடிச்சது 2024 ஜனவரியிலதான், அதனால மனசு விட்டுடாதீங்க. அது வர்ற வரைக்கும் காசு கம்மியான வேலையைப் பண்ணுங்க: மேல் மாடியை ராத்திரி 7க்கு மேல சங்கிலி போட்டு மூடுறது, சுவரை ஒட்டிக் கிடக்குற பெஞ்ச், பூந்தொட்டி, பழைய பேலட் எல்லாத்தையும் நடுவுக்கு இழுக்குறது, எங்க ஆள் போறது குறைவோ அங்க ஸ்டாஃப் பார்க்கிங்கை மாத்துறது. கடைசியா சொன்னதுக்கு ஒரு ராண்ட் கூட ஆகல, ஆனா ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வர்ற பொண்ணுங்க சத்தமா பேசிச் சிரிச்சிட்டு கார் எடுக்குறதே அந்த மாடியோட முகத்தை மாத்திடுச்சு. ஜப்பான்ல ஸ்டேஷன்ல நீல லைட் போட்டாங்களாம், நாமளும் போடலாமான்னு யாராவது ஒருத்தர் கட்டாயம் கேப்பாங்க, அது எவ்வளவு வேலை செய்யுதுன்னு ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ளயே இன்னும் சண்டை, முதல்ல ஃப்யூஸ் போன வெள்ளை பல்பை மாத்துவோம்.

இப்ப ஆளுங்க. என்னைக் கேட்டா இந்த மொத்த வேலையிலயும் பெரிய ஆளு கார்கார்ட்தான். ஊர்ல இருந்து வந்த புதுசுல இந்த மஞ்ச வெஸ்ட் போட்டவங்களைப் பார்த்தா எனக்கு எரிச்சலா வரும், எதுக்கு இவங்களுக்குச் சில்லறைன்னு. டர்பன்ல நிறைய பேர் காங்கோவுல சண்டைக்குத் தப்பி வந்தவங்க, ஊர்ல வாத்தியாரா இருந்தவங்க கூட உண்டு. நாள் பூரா ஒரே இடத்துல நிக்கிறதால யார் கார் எது, யார் எத்தனை மணிக்குப் போவாங்கன்னு மனப்பாடம். எங்க பார்க்கேட்ல ஒரு தடவை ஒரு பொண்ணு காரை விட்டு இறங்கி ரொம்ப நேரமா நடந்து நடந்து திரும்பி வந்துட்டு இருந்திருக்கு, கேமரா ரூம்ல யாருக்கும் தோணல, கீழ இருந்த காங்கோக்காரர் பார்த்துட்டு மேல ஏறிப் போய் ஜூலூல அக்கா தங்கச்சியைக் கூப்பிடுற மாதிரி கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார், "சிசி, பார்க்கிங் டிக்கெட் தொலைச்சிட்டீங்களா?" அவ்வளவுதான், அந்தப் பொண்ணு உடைஞ்சு அழுதுடுச்சு, அப்படியே படியில உக்காந்துட்டாங்க ரெண்டு பேரும். முக்கால் மணி நேரம். எந்த கோர்ஸும் படிக்காதவர் அவர்.

அதனால வாரத்துல ஒரு நாள் கார்கார்ட், கிளீனிங் அக்காங்க, டீக்கடைக்காரர், செக்யூரிட்டி எல்லாரையும் பதினஞ்சு நிமிஷம் உக்கார வைங்க, டீ வாங்கிக் குடுங்க, எதைக் கவனிக்கணும்னு பேசுங்க: தனியா ரொம்ப நேரம் சும்மா நிக்கிறவங்க, அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வர்றவங்க, பை செருப்பெல்லாம் விட்டுட்டு நகர்றவங்க, கூப்பிட்டாக் காதுல விழாத மாதிரி இருக்குறவங்க. தப்பா நினைச்சுட்டா என்னன்னு கேப்பாங்க. தப்பா நினைச்சா ஒருத்தர்கிட்ட நலம் விசாரிச்ச மாதிரி ஆச்சு, என்ன நஷ்டம்.

போர்டு விஷயம். இங்கிலாந்துல நியூ ஃபாரஸ்ட்னு ஒரு காட்டுப்பகுதி, அங்க கார் நிறுத்துற இடங்கள்ல ஹெல்ப்லைன் போர்டு வச்ச மூணு வருஷத்துல, முன்னாடி வருஷத்துக்கு 10ன்னு இருந்தது மூணு சொச்சமா குறைஞ்சுது. போர்டுல "தற்கொலை செய்யாதீர்"னு எழுதாதீங்க தயவுசெஞ்சு, எங்க கமிட்டியில ஒருத்தர் மண்டையோடு படம் கூட வரைஞ்சு எடுத்துட்டு வந்தார். "பேசணும் போல இருக்கா? ராத்திரி பகல் எப்ப வேணா அடிங்க"ன்னு போட்டு கீழ நம்பர், இங்கிலீஷ்லயும் ஜூலூலயும், அது போதும், தமிழும் வேணும்னா மூணாவதா போடுங்க. அப்புறம் நின்னு அந்த இடத்துல இருந்தே டயல் பண்ணிப் பாருங்க, ஏர்டைம் இல்லாத ப்ரீபெய்ட் போன்லயும் பாருங்க. பேஸ்மெண்ட்ல சிக்னலே இல்லாத தூண்ல ஒட்டினா அது அலங்காரம்.

சரி, இப்ப எல்லாரும் காத்திருந்த பேச்சு. ரெண்டு பேரா போங்க, ஒருத்தர் பேசணும், இன்னொருத்தர் இருபது அடி தள்ளி நின்னு போலீஸ் நம்பர் 10111க்கோ செல்லுல அவசர நம்பர் 112க்கோ அடிக்கணும், வேடிக்கை பார்க்குறவங்களையும் போன்ல வீடியோ எடுக்குறவங்களையும் நகர்த்தணும். பேசுறவர் பின்னாடி இருந்து போகக் கூடாது, பக்கவாட்டுல, கண்ணுல படுற மாதிரி, மெதுவா. நீங்க ஓரத்துக்குப் போகாதீங்க, கையைப் பிடிச்சு இழுக்காதீங்க, சினிமாவுல பார்த்ததெல்லாம் மறந்துடுங்க. ஜூலுக்காரங்களா இருந்தா "சவுபோனா"ன்னு ஆரம்பிக்கலாம், உன்னைப் பார்க்கிறோம்ங்கிற மாதிரி அர்த்தம் அதுக்கு, நம்ம உச்சரிப்பைக் கேட்டு லேசா சிரிப்பு வந்தாலும் நல்லதுதான். நம்ம ஜனம்னா வணக்கம் வேலை செய்யும், ஆனா 1860ல கரும்புத் தோட்டக் கூலி வேலைக்கு ட்ரூரோ கப்பல்ல வந்தவங்க காலத்துல இருந்து இங்கயே இருக்குற குடும்பங்கள்ல பாதிப்பேருக்கு மேல தமிழ் தேவாரத்தோட சரி, அதுக்கப்புறம் இங்கிலீஷ்லதான் பேசணும், "அங்கிள்", "ஆன்ட்டி"ன்னு கூப்பிட்டுக்கோங்க. உங்க பேரைச் சொல்லுங்க, அவங்க பேரைக் கேளுங்க. ஆஸ்திரேலியாவுல டான் ரிட்சின்னு ஒருத்தர், வீட்டுக்கு எதிர்ல கடலோரப் பாறை, பல வருஷமா அங்க வந்து நிக்கிறவங்ககிட்ட போய் புன்சிரிப்போட பேச்சுக் குடுத்து, வீட்டுக்கு வந்து ஒரு டீ சாப்பிடுறீங்களான்னு கூப்பிடுவார், 160 பேரையாவது திருப்பிக் கூட்டிட்டு வந்திருப்பார்னு கணக்கு. 2012ல காலமானார்.

நம்மாளுங்களுக்கு அட்வைஸ் பண்ண வாய் அரிக்கும், அதை அடக்குறதுதான் இந்த வேலையில கஷ்டமான பயிற்சி. "அம்மா அப்பாவை நினைச்சுப் பாரு", "உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேர்", "சாமி மன்னிக்காது", "இது கோழைத்தனம்", இதுல ஒண்ணு கூட வேணாம். அவங்க ஏற்கெனவே குற்ற உணர்ச்சியில மூழ்கித்தான் வந்திருக்காங்க, நீங்க மேல ஒரு கல்லு வைக்காதீங்க. கேளுங்க, சும்மா இருங்க, மறுபடி கேளுங்க. நேராவே கேக்கலாம், "தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதா?" அப்படிக் கேட்டா நாமளே எண்ணத்தைப் புகுத்திடுவோம்னு ஒரு பயம், அது இல்லைன்னு ஆராய்ச்சியில தெளிவா இருக்கு. ஆனா நம்ம பேப்பர் பாஷையில "ஏதாவது தப்பான முடிவு எடுக்கப் போறியா"ன்னு கேக்காதீங்க, தப்புன்னு முன்னாடியே தீர்ப்பு சொல்லிட்டா யார் ஆமான்னு சொல்லுவா? யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணாதீங்க, அதைக் காப்பாத்த முடியாது. தனியா விட்டுட்டுப் போகாதீங்க, தண்ணி வேணுமான்னு கேளுங்க, உக்காரச் சொல்லுங்க.

போலீஸ் வந்ததும் குடும்பம் பதறும், "கேஸ் ஆயிடுமா?" ஊர்ல 309னு ஒரு செக்‌ஷன் இருந்த பழக்கம், அந்தப் பயம் கப்பலேறி வந்திருக்கு. இங்க முயற்சி பண்றது குற்றம் இல்ல. 2002 மனநல பராமரிப்புச் சட்டத்துல 40ஆவது பிரிவுப்படி, மனநோயால தனக்கோ மத்தவங்களுக்கோ பெரிய கெடுதல் பண்ணிக்குவாங்கன்னு தோணினா போலீஸ் அவங்களை ஆஸ்பத்திரிக்கு பரிசோதனைக்குத்தான் கூட்டிட்டுப் போகணும், தேவைப்பட்டா அங்க 72 மணி நேரம் வரைக்கும் வச்சுப் பார்ப்பாங்க. இதை அந்த அம்மா அப்பாகிட்ட நின்னு நிதானமா சொல்றதும் உங்க வேலைதான். ஆம்புலன்ஸ் 10177, குழந்தைங்கன்னா சைல்ட்லைன் 116, இதெல்லாம் போன்ல முன்னாடியே போட்டு வைங்க.

சில சமயம் முடியாம போகும். அப்ப பண்ண வேண்டியது கொஞ்சம் கல்லு மனசா தெரியும். அந்த இடத்துல மாலை, விளக்கு, போட்டோ நிரந்தரமா வைக்க விடாதீங்க, அடுத்து வர்றவங்களுக்கு அது அழைப்பு மாதிரி ஆயிடும். குடும்பத்துக்கிட்ட நேரா "எடுங்க"ன்னு சொல்லாதீங்க, கோயில்ல விளக்கு வைக்க ஏற்பாடு பண்ணிக் குடுங்க, கருமாதிக்குப் போய் நில்லுங்க. வாட்ஸாப்ல வீடியோ வரும், முதல்ல நம்ம குரூப்ல டெலீட் பண்ண வைங்க. வியன்னாவுல 1987ல பேப்பர்க்காரங்க மெட்ரோ சாவுகளைப் பெருசா படத்தோட போடுறதை நிறுத்தினாங்க, கொஞ்ச மாசத்துலயே முக்கால்வாசிக்கு மேல குறைஞ்சுது. லோக்கல் பேப்பர்ல இருந்து போன் வந்தா இடம், விதம் ரெண்டையும் போடாதீங்க, ஹெல்ப்லைன் நம்பர் போடுங்கன்னு கேளுங்க, நிறைய பேர் ஒத்துக்குறாங்க.

பார்த்த செக்யூரிட்டியையும் பார்த்துக்கணும். ஒரு கம்பெனி, பேர் வேணாம், சம்பவம் நடந்த மறுநாள் ராத்திரியே அந்தப் பையனை அதே மாடியில தனியா நிறுத்தினாங்க, மூணாவது நாள் அவன் வேலைக்கே வரல. நான் அன்னைக்கு வாயைத் திறக்கல, அது இன்னும் உறுத்துது. இப்ப எங்க நோட்டுல முதல் பக்கத்துலயே எழுதி வச்சிருக்கோம்: ஷிஃப்ட் மாத்தணும், சம்பளத்தோட லீவு, ஒரு வாரம் கழிச்சு ஒரு தடவை, ஒரு மாசம் கழிச்சு ஒரு தடவை கூப்பிட்டுப் பேசணும். இது உங்களுக்கும்தான், ராத்திரி தூக்கம் வரலைன்னா எனக்கு அடிங்க, நான் எப்படியும் முழிச்சுத்தான் இருப்பேன்.

கணக்கு பார்க்குறப்ப ஒரு வருஷத்தை வச்சு ஜெயிச்சோம் தோத்தோம்னு சொல்லாதீங்க, எண்ணிக்கை சின்னது, ஏறும் இறங்கும், மூணு நாலு வருஷம் சேர்த்துப் பாருங்க. எத்தனை பேர்கிட்ட பேசினோம், எத்தனை பூட்டு வேலை செய்யுது, போர்டு நம்பர் எடுக்குறாங்களா, இது மாசாமாசம். முதல் சனிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு ரவுண்டு ஆரம்பிப்போம், டார்ச், நோட்டு, மாடிப்படி ஏற வசதியான ஷூ, இது மூணும் போதும், டீ கார்கார்ட் அண்ணன் பக்கத்துல இருக்குற கடையில.